பேய் வந்த பிறகுதான் மூச்சு வந்தது

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். படம் எப்படி என்று கேட்பார்கள். நாம் சொல்வோம். நாம் சொன்னது அவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு வேண்டியதை நம் வாயிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது நான் படித்து முடித்து வேலைக்குப் போகிறேன். கூட வேலை செய்பவர்களோடு பேய்ப் படங்களுக்கும் போகிறேன். வெளியே வந்ததும் "செம டிஸ்டர்பிங்டி" என்று அவர்கள் பாராட்டுவார்கள். ஒரு படம் மனத்தைக் குலைத்துப் போட்டால் அது அதற்குப் பெருமை என்று எப்போது ஆயிற்றோ தெரியவில்லை. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறாம் வகுப்பில் நடந்தது ஞாபகம் வருகிறது.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. சித்தப்பா ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றார். அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்கினாள். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த வாடகை அறையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். அவருக்கும் சித்தப்பாவுக்கும் ஷிஃப்ட் ஒத்துப்போகிற வாரங்களில் எங்கள் வாசல்தான் சினிமா சங்கம். அதிலும் பேய்ப் படம் என்றால் இருவருக்கும் உயிர்.

"பேய்னா குலை நடுங்கணும்லாண்ணே. இதுல பேயி பாட்டுக்கு டான்ஸ் ஆடுது" என்பார் அண்ணன்.

"அது பேய் இல்லடா, ஹீரோயினு. சம்பளம் குடுத்துகீறான், ஆடாம இன்னா பண்ணும்?"

எந்தப் படத்தில் ரத்தம் அசலாக இருந்தது, எதில் குழந்தையைக் கொன்றது தாங்க முடியவில்லை, எதில் இடைவேளைக்குப் பிறகு இயக்குநர் பயந்துவிட்டார் என்றெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பாத்திரம் தேய்த்தபடி அம்மாவும் நடுவில் ஏதாவது சொல்வாள். உடனே சித்தப்பா, "அண்ணிக்கு எந்தப் படத்தையாவது முழுசாத் தெரியுமா? சொல்லச் சொல்லு பாக்கலாம்" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அது உண்மைதான். அம்மா என் வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. சென்னையில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டில் பெரிய டிவி உண்டு. சமையலறை வாசற்படியில் நின்று படம் பார்ப்பாளாம். நடுவில் கூப்பிடுவார்கள், போய்விடுவாள். அதனால் அவளுக்குத் தெரிந்த பழைய படங்களில் ஒன்றுக்கு முடிவு தெரியாது, இன்னொன்றுக்கு ஆரம்பம் தெரியாது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எங்கம்மா சின்ன வயதிலேயே சென்னையில் இருந்தவள், கலர் டிவி பார்த்தவள் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்களை ஒரு புதுப் படத்துக்குக் கூப்பிட்டார். "காமெடிப் பேய் அண்ணி. பாப்பாவும் வரலாம், சிரிச்சிகினே பாக்கலாம்" என்றார். அது முழுப் பொய். அவரும் அண்ணனும் முதல் நாளே அதைப் பார்த்திருந்தார்கள். பேய்ப் பட ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டாவது தடவை போகும்போது அவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள். பயப்படுவதற்கென்று யாரையாவது அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த முகங்கள் எங்களுடையவை.

தாம்பரத்துக்குப் போனோம். படத்தில் ஒரு பங்களா. அங்கே வேலைக்கு வரும் ஒரு பெண். ஏதோ நகை காணாமல் போகிறது, இவள்தான் எடுத்தாள் என்கிறார்கள். அதன் பிறகு அவளை அடிக்கிறார்கள். கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். கரண்டியைக் காயவைத்து முதுகில் சூடு வைக்கிறார்கள். கேமரா கரண்டியைக் காட்டும், முதுகைக் காட்டும், மறுபடி கரண்டியைக் காட்டும். எங்களுக்குப் பின் வரிசையில் எவனோ விசில் அடித்தான். அம்மா ஒரு கையால் என் கண்களை மூடினாள். அவள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன், அம்மாவும் கண்ணை மூடித்தான் இருந்தாள். சித்தப்பா இருட்டில் எங்களைப் பார்த்து, "இன்னா அண்ணி, பேயே இன்னும் வர்ல" என்று சிரித்தார்.

இடைவேளைக்குப் பிறகு பேய் வந்தது. நான் அலறினேன். என்னைவிடச் சத்தமாக அலறியவர், ஏற்கெனவே பார்த்திருந்த சித்தப்பா. அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த பாப்கார்னைத் தின்ன ஆரம்பித்தாள். பேய் அந்த வீட்டு எஜமானியின் கழுத்தைப் பிடித்தபோது, "அப்பிடிப் புடி" என்று வாய்விட்டுச் சொன்னாள். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்தால் வாசலில் மைக்கோடு இரண்டு பையன்கள். சித்தப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தானாகவே போய் நின்றார். "ஃபர்ஸ்ட் ஆஃப் கொஞ்சம் லேக். செகண்ட் ஆஃப் தெறி. குடும்பத்தோட வந்து பயப்படலாம்!" என்று விரலை மடக்கிக் காட்டினார். பிறகு மைக் அம்மா பக்கம் திரும்பியது.

"நீங்க சொல்லுங்கம்மா, பேயப் பாத்து பயமா இருந்துச்சா?"

அம்மா வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேன்டீனில் யாரோ உப்பு சரியா என்று கேட்டதுபோல, நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பேய்க்கு இன்னாப்பா பயம்? பேய் வந்தப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துது. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்குச் சூடு வெக்கிறானுங்க பாரு, அதான் பாக்க முடியல. கண்ண மூடிகினேன். ஒரு அடி காட்டுனா மீதி எங்களுக்குத் தெரியாதா? எதுக்கு அம்மாம் நேரம் காட்டுற? பின்னாடி ஒருத்தன் விசில் அடிக்கிறான். அவன் விசில் அடிக்கத்தான் அந்தப் பொண்ண அடிச்சிகினே இருக்கியா?"

மைக் பிடித்த பையன், "சூப்பர்மா" என்றான். எனக்கு மார்பு விம்மியது. படிக்காத என் அம்மா, காலரைச் சரிசெய்யாமல், லேக் என்றும் தெறி என்றும் சொல்லாமல், எவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டாள்!

அந்த வார நடுவில் அண்ணன் கைப்பேசியோடு ஓடிவந்தார். "எக்கா, நீங்க வைரலாயிட்டிய!"

வீடியோவில் சித்தப்பா சொன்னது விரல் மடக்கியது உட்பட முழுதாக இருந்தது. அடுத்து அம்மா. பேயைப் பார்த்துப் பயமா என்று மைக் கேட்கிறது. "பாக்க முடியல. கண்ண மூடிகினேன்" என்கிறாள் அம்மா. அவ்வளவுதான். உடனே ஒரு பேய் அலறல், அதன்மேல் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கி, கண்களில் இரண்டு பொம்மைக் கைகளை ஒட்டியிருந்தார்கள். மேலே தலைப்பு: 'பேயைக் கண்டு மிரண்ட அம்மா!'

எனக்குக் காது சுட்டது. "சித்தப்பா, அம்மா அப்பிடியா சொன்னாங்க? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"அட, அது கன்டென்ட்டு பாப்பா. அப்பிடித்தான் போடுவாங்க. நம்ம மூஞ்சி வந்துகீதா இல்லியா, அதப் பாரு." அவர் தன் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு அம்மாவோடு போனேன். பஸ் வரும்வரை அவளோடு நிற்பது என் வழக்கம். கேன்டீனில் சாம்பார் பக்கம் நிற்கும் அத்தை ஒருவர் தூரத்திலிருந்தே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னாடி, பேய் வந்துச்சாமே! சாயந்திரம் தனியா வூட்டுக்குப் போவியா, துணைக்கு வர்ட்டா?" எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "ஆமா, மூடிகினேன் போ" என்றாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தான் சொன்னது அதுவல்ல என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்கள் குடும்பத்தில் கோர்வையாக எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அவள் சொன்னதை உலகத்துக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சித்தப்பாவின் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வீடியோவுக்குக் கீழே எல்லோரும் ஒரு வரி, அரை வரி எழுதியிருந்தார்கள், அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சித் தலைவருக்கு எழுதும் விண்ணப்பம்தான். அதே மாதிரி தொடங்கினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: என் தாயார் கூறியதை வெட்டியமை குறித்து. 'உயர்திரு சேனல் அவர்களுக்கு' என்று விளித்தேன்.

சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும் என்று அம்மாவையே கேட்டு எழுதினேன். அவள் பூண்டு உரித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூச்சு வந்தது, ஒரு அடி போதும், விசில், எல்லாம் எழுதியாயிற்று.

"வேற எதுனா சொல்லணுமாம்மா? படத்த எப்பிடி எடுத்திருக்கணும்னு?"

அம்மா பூண்டுத் தோலைத் தட்டிலிருந்து ஊதிவிட்டாள்.

"நெசமாக் காட்டணும்னா சூடு வெச்சதக் காட்டக் கூடாது. மறுநா காலைல பால் பாக்கெட்டு வாங்கியார அனுப்புவாங்க இல்ல, அதக் காட்டணும். வர்ற வழில பாக்கெட்ட அந்தப் புண்ணு மேல வெச்சிகினே வரும். சில்லுனு இருக்கும். வூடு வர்ற வரைக்கும்தான். அதுக்காவ மெதுவா நடக்கும். ஏன் லேட்டுன்னு அதுக்கும் வாங்கும்."

"அது படத்துல இல்லியேம்மா."

"இல்ல. அதான் சொல்றேன்."

நான் அசந்துபோனேன். இப்படி ஒரு காட்சி சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. அம்மாவுக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் இவர்களையெல்லாம் உட்காரவைத்துப் படம் எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். 'இயக்குநர் கவனத்துக்கு என் தாயாரின் ஆலோசனை' என்று தனிப் பத்தியாக அதை எழுதி, இங்ஙனம் தங்கள் உண்மையுள்ள என்று முடித்து அனுப்பினேன்.

பதில்கள் வந்தன. 'தமிழ் மிஸ் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க' என்று ஒருவன். 'டிஸ்டர்ப் ஆச்சுன்னா படம் ஹிட்டுனு அர்த்தம் பாப்பா' என்று இன்னொருவன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் ஏராளம். சேனல்காரர்கள் வாயே திறக்கவில்லை. அண்ணன் மட்டும், "நல்லாத்தான எழுதியிருக்கா பிள்ள, இவனுவளுக்கு எங்க புரியப்போவுது" என்றார். சித்தப்பா தன் பகுதிக்கு வந்த பாராட்டுகளை எண்ணினார். நான் கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பஸ் நிற்கும் இடத்தில் அந்த சாம்பார் அத்தை எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கண்ணைப் பொத்தவில்லை. கிண்டல் செய்யவில்லை. அம்மாவின் பக்கத்தில் நெருங்கி வந்து நின்றார்.

"எம் பையன் படிச்சுக் காட்னான், ஒம் பொண்ணு எழுதுனத" என்றார்.

நான் நிமிர்ந்து நின்றேன். கடைசியில் ஒருவருக்காவது என் எழுத்து போய்ச் சேர்ந்திருக்கிறது. என்ன பாராட்டப் போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "எந்தக் கைல?" என்று கேட்டார்.

இவ்வளவு விளக்கமாக எழுதியும் படத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "கைல இல்லத்தே, முதுகுல. படத்துல முதுகுலதான் வெப்பாங்க" என்று திருத்தினேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை அம்மாவின் இடது கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் வந்தது. மற்ற பெண்கள் இடம் பிடிக்க முண்டியடித்து ஏறியபோது, அவர் அம்மாவை முன்னால் விட்டு ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார்.

பஸ் போன பிறகும் நான் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ஒரு படத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அதை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வரவேண்டாமா என்பதுதான் என் நியாயம். முதுகில் சூடு பட்ட ஒருத்தி, தெருவில் நடந்து வரும்போது பால் பாக்கெட்டை அதன்மேல் எப்படி வைத்துக்கொண்டே வர முடியும் என்று, வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் எனக்கு, அன்று தோன்றவே இல்லை.