சுருக்கமாகச் சொன்ன மொழிபெயர்ப்பாளர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடம் மழைக்கு ஒழுகியது. உதவி கேட்கத்தான் சீன அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அதிபரை அழைத்தோம். மொழிபெயர்க்க வந்தவர், புறக்கோட்டை முதலாளிமாருக்காகச் சீனர்களிடம் பேரம் பேசுபவர். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

விருந்தினர் படம் காட்டி அரைமணி நேரம் பேசினார். கோயில் முற்றத்தில் பழைய வகுப்பு, மலைப்பாதையில் மேசை சுமக்கும் மாணவர்கள், பிறகு ஏரி, ஓட்டத்திடல், தொலைநோக்கிக் கூடம் என்று படங்கள் வந்தன.

மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் திறந்தார். "பழைய பள்ளிக்கூடம். இடம் மாறினது. இப்ப காணி பெரிசு."

எங்கள் அதிபர் விடுவாரா? நட்புறவு, பண்பாடு, பட்டுப்பாதை என்று அவரும் அரைமணி நேரம் முழங்கினார். கௌரவம் கருதிக் கூரையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வரியில் முடித்தார். விருந்தினர் உடனே எழுந்து ஆய்வுகூடத்தைப் பார்க்கப் புறப்பட்டார்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கூரை ஒழுகுது, கட்டித் தாங்கோ எண்டனான். வரேக்கையே ஒழுக்குக்கு வைச்ச வாளியளைக் கண்டனான் சேர். வேற என்னத்துக்கு அவரைக் கூப்பிட்டனீங்கள்?"

புதுக் கூரை வந்துவிட்டது. தமது பேச்சால் வந்தது என்று எங்கள் அதிபர் மேடைதோறும் சொல்கிறார். அவர் சொல்லாததை இவ்வளவு சரியாக மொழிபெயர்த்த இன்னொருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.