அவகாசம் கொடுத்தார்கள்

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் சித்தூர் மாவட்டத்தில் எந்த ஊர் இங்கே, எந்த ஊர் மதராஸுக்கு என்ற இழுபறி மட்டும் ஓயவில்லை. நாங்கள் புத்தூரில் இருந்தோம். நான் பி.யு.சி. முடித்துவிட்டு என்ஜினீயரிங் படிக்கக் காத்திருந்தேன். எந்தக் காலேஜ் என்று முடிவு செய்கிற வேலையை நைனாவும் என் தாய்மாமாவும் எடுத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

மாமா எல்லைக் கூட்டங்களில் பேசுகிறவர். அப்படி ஒரு கூட்டத்தில் ஆவேசம் அதிகமாகி, ஏறி நின்ற பெஞ்சு சாய்ந்து விழுந்ததில், கையில் புத்தூர்க் கட்டோடு இருந்தார். மதராஸ் காலேஜுக்காக வாதாட அவருக்கு மீதமிருந்த ஒரு கையே போதும். நைனாவுக்கோ திருப்பதியில் புதிதாக வந்த காலேஜ்தான்.

"வெள்ளக்காரன் காலத்துக் காலேஜ் அது. எத்தினி பெரிய பெரிய ஆளுங்க படிச்சிக்கிறாங்க!" என்பார் மாமா.

"பழசுன்னா நல்லதா? உன் சைக்கிள் கூடத்தான் பழசு. ஒரு நாளாவது ஒழுங்கா ஓடிக்கீதா?"

"திருப்பதில சொந்தக் கட்டடமே இன்னும் எழும்பலயாம்."

"நல்லதாப் போச்சு. பையன் சிவில்தானே படிக்கப் போறான்? கட்டறதப் பாத்துக்கினே கத்துக்குவான்."

சோறு, தண்ணீர், ரயில், பெருமாள் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடத்தை மட்டும் ஒப்பிடவில்லை. நாளைக்கே புத்தூர் மதராஸோடு சேர்ந்துவிட்டால் திருப்பதிப் பட்டம் செல்லுமா என்று மாமா கிளப்பினார். சேராவிட்டால் மதராஸ் பட்டம் செல்லுமா என்று நைனா திருப்பிக் கேட்டார். இருவருக்குமே பதில் தெரியாது. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டோம். மதராஸிலிருந்து ஒரு தகவலும் இல்லை. திருப்பதியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. மூன்று பேரும் ரேணிகுண்டாவில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே எனக்கு எல்லாம் இங்கிலீஷில்தான். கேட்டதற்குச் சொன்னேன். கடைசியில், கூட வந்த பெரியவர்களை வரச்சொல்லிவிட்டு என்னை வராந்தாவில் இருக்கச் சொன்னார்கள். குண்டூர்ப் பக்கத்து அதிகாரி ஒருவர், நைனாவின் தலைப்பாகைக்கு மரியாதை கொடுத்துச் சுத்தமான தெலுங்கில் பேசினாராம். இருவரும் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்கள்.

"அவகாசம் குடுத்துக்கிறாங்கடா! அவசரமே இல்ல" என்றார் மாமா.

"தங்கமான மனுஷன். 'வதுலுகோவத்து'ன்னு வேற சொன்னாரு. அவகாசத்த வுட்டுடாம நல்லா யோசிக்கணுமாம்" என்றார் நைனா.

அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி வந்து நிதானமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். அவகாசம்தான் இருக்கிறதே! மாமா சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதராஸில் சேர்வேன், மறுநாள் திருப்பதியில் சேர்வேன்.

அப்படியே ஒரு வாரம் போனது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டே வந்தார். அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்ப்பவர், கடற்கரை ஆந்திராவிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அந்த அம்மாவும் என் அம்மாவும் ஒருவரையொருவர் 'வதினா', அதாவது அண்ணி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் மகனும் அதே காலேஜ் இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். நான் வீட்டிலேயே கிடப்பதைப் பார்த்து, எனக்கும் கிடைக்கவில்லை என்று நினைத்துத் துணைக்கு அழ வந்திருக்கிறார்.

"மா வாடிக்கு அவகாசம் ராலேது, வதினா" என்று விம்மினார். தன் பையனுக்கு அவகாசம் வரவில்லையாம்.

அம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. "அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? எங்களுக்கு நெறைய அவகாசம் குடுத்துக்கிறாங்க. துன்னுட்டுத் துன்னுட்டு யோசிச்சிக்கினுதான் கீறாங்க. உம்புள்ளைக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லலாம், வுடு" என்றாள்.

அந்த அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அம்மாவைப் பார்த்தார். பாயில் கிடந்த என்னைப் பார்த்தார். பிறகு கண்ணீரோடேயே விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அய்யோ வதினா, அவகாசம் அண்ட்டே சீட்டு! மீ வாடிக்கு சீட்டு இச்சாரு! சேரடானிக்கு ரேப்பே ஆகரு!"

தெலுங்கில் அவகாசம் என்றால் வாய்ப்பு. எனக்கு இடம் கொடுத்துவிட்டோம், கைநழுவ விடாதீர்கள் என்றுதான் அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். சேர நாளைதான் கடைசி என்று அவர் மகன் காலேஜிலேயே கேட்டுக்கொண்டு வந்திருந்தான். புத்தூர்க் கடைத்தெருத் தெலுங்கில் இதற்கு எல்லோரும் 'சான்ஸு' என்பார்கள், அதனால் அந்த வார்த்தை எங்கள் காதில் தமிழாகவே விழுந்துவிட்டது. தெலுங்கே தெரியாதவர்களாக இருந்திருந்தால் அங்கேயே யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்போம். எங்களுக்குத்தான் தெரியுமே!

வீடு ரகளையானது. "நான் அப்பவே தமிழ்ல சொல்லச் சொன்னேன்" என்று மாமா கத்தினார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நைனா என் டிரங்குப் பெட்டியில் தன் வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மதராஸ், திருப்பதி என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. பல நாள் கழித்து மதராஸிலிருந்து வந்த பதிலும் இடமில்லை என்பதுதான்.

மறுநாள் முதல் ரயிலில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பணத்தை வாங்கிக்கொண்ட குமாஸ்தா சிரித்தபடி சொன்னார், "இன்னிக்கும் நீங்க வரலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்போம். அவரும் உங்க புத்தூர்தான். ரயில்வேக்காரர் பையன்."

அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நைனா ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். மாமாவும் அப்படியே.

நாங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். உன் பிள்ளைதான் அடுத்த ஆள் என்று தெரிந்துமா சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். அவர், "மொதல்ல சிரிப்பு வந்துடுச்சு, வதினா. யோசனை அப்புறம்தான் வந்துச்சு" என்றாராம், தன் தமிழில். அவர் மகன் அடுத்த வருடம் வேறு ஊரில் சேர்ந்து, அவனும் என்ஜினீயரானான். எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த அம்மா சொன்னதை நான் பாதிதான் நம்புகிறேன். வாய்தவறிச் சொன்னதாகவே இருக்கட்டும். ராத்திரி முழுக்க யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. களேபரத்தில் களைத்து நாங்கள் எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, விடியுமுன் கதவைத் தட்டி, "வதினா, ரயில் பண்டிக்கு டைம் ஆச்சு, பையனை எழுப்பு" என்று குரல் கொடுத்தவர் அவர்தான். நான் கட்டிய எந்தப் பாலத்தைப் பார்த்தாலும், ஒரு தாய் தன் பிள்ளைக்கு வர வேண்டியதை என்னிடம் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கதவுத் தட்டல்தான் இன்றும் எனக்குக் கேட்கிறது.