குறட்டை விற்ற தலையணை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இலவம்பஞ்சுத் தலையணைகளை ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருந்தேன். ஒன்றுகூடப் போகவில்லை. ஹால் முழுக்கத் தலையணைகள். கடைசி முயற்சியாக, 'உறக்கம் ஏன் உங்களை வெறுக்கிறது?' என்று ஆரம்பித்து ஆறு பக்கத்துக்கு ஒரு விற்பனைக் கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரை அந்தத் தலையணை ஒன்றில் சாய்ந்துகொள்ளச் சொல்லி, கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

இரண்டாவது பக்கத்திலேயே குறட்டை கேட்டது. வந்த கோபத்தில், வாய் பிளந்து தூங்கியவரை வீடியோ எடுத்து, "பாருடி இந்த அநியாயத்தை" என்று தங்கைக்கு அனுப்பினேன். போனதோ எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு.

பதறிப்போய் அழிப்பதற்குள் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா கதவைத் தட்டிவிட்டார்.

"நம்ம யஜமானருக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்கு, ராத்திரி தூக்கமே வராதும்மா. உங்க வீட்டுக்காரர் தலைக்கு வச்சிருக்காரே, அதே தலையணை ரெண்டு குடுங்க."

வீடியோவைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்களும் வரிசையாக வந்து கேட்க, சாயங்காலத்துக்குள் ஹால் காலியாகிவிட்டது. பால் வாங்கப் போன கணவர் முகம் சிவந்து திரும்பினார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? வாட்ச்மேன்கூட 'நல்லாத் தூங்கினீங்களா சார்'னு கேக்கறான்!"

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை முன்னாடியே சொல்லு. சட்டையாவது போட்டுக்கறேன்" என்றார்.

ஆறு பக்கம் எழுதிய என்னை யாரும் நம்பவில்லை. எதையும் விற்க நினைக்காமல் தூங்கிய மனிதரை ஒரு குடியிருப்பே நம்பியது. அவரைக் கேட்காமலே அவர் மானத்தை விற்றுவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.