உப்பளத்துக்குப் போகாத பகல்கள்

காலில் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனதும், இனிமேல் உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை இருக்கிற உடம்பு, மீறினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். மரக்காணம் உப்பளத்தில் மீசை முளைத்த வயதிலிருந்து வேலை பார்த்து மேஸ்திரியானவன் நான். இரண்டு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த மாதமே என் மனைவி ஈ.சி.ஆர். ஓரம் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். சென்னையில் வேலை பார்க்கும் மகள் போனில் ஒரு ஆடியோ அனுப்பினாள். அவள் ஆபீசில் நடந்த தியான வகுப்பில் கொடுத்ததாம்.

"மாறினது மாறிடுச்சுப்பா. அதை ஒத்துக்கிட்டா மனசு லேசாயிடும். தினமும் கேளு" என்றாள்.

கேட்டேன். மூச்சைக் கவனியுங்கள், வருவதை வரவிடுங்கள், போவதைப் போகவிடுங்கள் என்றது ஒரு குழைந்த குரல். கண்ணை மூடினால் மூச்சா தெரிகிறது? கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் திறந்திருப்பார்களா என்றுதான் மனம் ஓடியது. மனதில் இருப்பதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்றது குரல். எரிச்சல் என்றேன். அதையும் அன்போடு வரவேற்போம் என்றது. போனை அணைத்துவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பினேன்.

இப்படித் தினமும் போக ஆரம்பித்தேன். தண்ணீரில்தானே இறங்கக் கூடாது? வரப்பில் நின்று சத்தம் போடலாமே. எனக்குப் பதிலாக வந்த மேஸ்திரி சில நாள் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் தனியே கூப்பிட்டு, "அண்ணா, நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, ஆளுங்க யாரு பேச்சைக் கேப்பாங்க?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது.

ஒரு வாரம் வீம்பாக வீட்டிலேயே கிடந்தேன். கோடை வெயிலுக்கு நடுவே ஒரு மத்தியானம் திடீரென்று வானம் கருத்தது. குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்து போய்விடுமே என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். போய்ச் சேரும்போது நல்ல மழை. எல்லாக் குவியலும் தார்ப்பாய்க்குள் இருந்தது. ஓரமெல்லாம் கல் வைத்திருந்தார்கள். ஆட்கள் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். ஒரு குவியலாவது நனைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து என் மேலேயே கோபம் வந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால், கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கியது. மனைவி மறுநாள் உடுத்த வேண்டிய யூனிபார்ம் சேலையும் அதில் இருந்தது. வேலை முடிந்து வந்தவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்க இருக்கற உப்பை மூட ஆளு இருக்குது. இங்க இருக்கற துணியை எடுக்க நீங்க ஒருத்தருதாங்க இருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

சேலையைப் பிழிந்து, ஃபேனுக்குக் கீழே விரித்து, பாதி காய்ந்ததும் இஸ்திரி போட்டேன். கரையில் ஒரு இடம் சுருங்கிக்கொண்டே இருந்தது. அதை நீவுவதிலேயே கவனம் போனதில், கொஞ்ச நேரம் உப்பளம் நினைவுக்கே வரவில்லை. எரிச்சல் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. சேலையை மடித்து அவளிடம் நீட்டினேன். மடிப்பு சரியில்லை என்று பிரித்து அவளே மடித்தாள்.