டிரெஸ்ஸர் ஊற்றிய சிவப்பு மருந்து

மம்பாவ் பக்கம் கம்யூனிஸ்டுகள் லாரியைச் சுட்டுவிட்டார்கள் என்று சொல்லி என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பிணத்தை மூடியிருந்த கித்தானை விலக்கிப் பார்க்கச் சொன்னார்கள். விலக்கினேன். என் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து அதை விலக்கிய வலது கைவிரல்கள் மடங்கவில்லை.

பால்வெட்டுக் கத்தி பிடிக்க முடியாதவளுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் வீடும் இல்லை. மாத முடிவுவரைதான் பொறுப்பேன் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று லயத்துக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. மருந்து காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று, எதைக் கொடுத்தாலும் அவர் கண்முன்னாலேயே குடிக்க வேண்டும். எனக்குச் சிவப்பு மருந்து ஊற்றுவார். குடித்ததும் அனுப்பிவிட மாட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு தங்கச்சி, நேத்து தூங்குனியா? என்ன நெனப்பு வந்துச்சு?" என்பார். கித்தானைப் பற்றி அவரிடம் மட்டும்தான் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் மடங்கின. கத்தி பிடித்தேன்.

ஆனால் வெயில் ஏறினால் கை மறுபடி விறைத்துக்கொள்ளும். "மரத்தடியிலயும் ஒரு வாய் குடிச்சுக்குறேன், ஊத்திக் குடுங்கையா," என்று கெஞ்சினேன். எப்படித் துணிந்தாரோ, ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலி வாசலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதனை போடுவார்கள். குப்பி அகப்பட்டது. யாருக்குக் கொண்டுபோகிறாய் என்றான் காவல்காரன்.

"எம் புருசனச் சுட்டவனுக்கா நான் மருந்து கொண்டுபோவேன்?" என்றேன்.

போலீஸ் லாரியில் ஏறச் சொன்னான். அப்படி ஏறிப்போன பலர் திரும்பி வந்ததில்லை.

சத்தம் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸ்ஸர் ஓடி வந்தார். குப்பியை வாங்கிக் கடகடவென்று குடித்தார். "இதுல மருந்தே இல்ல. சீனித்தண்ணியும் சாயமுந்தான். இந்தம்மா நோவுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காவல்காரன் சிரித்துவிட்டு என்னை விட்டான். என்னைப் பைத்தியக்காரியாக்கிவிட்டாரே என்று வழியெல்லாம் திட்டினேன். அன்றைக்கு விரல்கள் மடங்கவேயில்லை; ஒரு மரத்தில்கூடப் பால் வெட்ட முடியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரிப் படியில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் எழுந்தார். "இனி எத ஊத்திக் குடுப்பேன் தங்கச்சி?"

"ஒண்ணும் ஊத்த வேணாம். நேத்து தூங்குனியான்னு கேளுங்க," என்று கையை நீட்டினேன்.

மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கேட்பதற்குள் நானே சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடித்தபோது என் விரல்கள் அவர் கையை இறுகப் பிடித்திருந்தன. அந்தக் கையோடு போய்க் கத்தியை எடுத்தேன்.