மூச்சுக்காரன்

"ஊதுறா" என்கிறான் மருது. ஆட வந்தவன் வாய்க்கு நேரே மூக்கைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான். வந்தவன் ஊத வேண்டும். பிறகு மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாட வேண்டும். பீடி இழுத்திருந்தால் முதல் ஊதலிலேயே தெரிந்துவிடும். கீழுதட்டில் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்திருந்தால் உதடு சரியாக ஒட்டாது, எச்சில் தெறிக்கும். மருது முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வான்: "துப்பிட்டு வாயைக் கொப்புளி. இன்னைக்கு நீ கோட்டுக்கு அங்குட்டு."

கோவிலூர்ப் பக்கம் கண்மாயை ஒட்டிய பொட்டலில் சாயங்காலம் நடக்கிற சங்கதி இது. மருதுக்கு வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், அணிக்குக் கேப்டன். ஆள் ஒடிசல்தான். ஆனால் பாடிப் போனால் எதிராளிக்குக் காது வலிக்குமே தவிர இவனுக்கு மூச்சு தீராது. அந்த மூச்சின் மேல் பயலுக்கு அத்தனை கர்வம். கல்யாண வீட்டில் ஊதுபத்தி புகைந்தால்கூட எழுந்து தள்ளிப் போய் உட்காருவான்.

அவன் யாருக்கும் புத்தி சொல்கிற ஆள் இல்லை. "நல்லவனா இருக்கச் சொல்லல மாப்ள. எனக்குப் பாயிண்டு வேணும், அம்புட்டுத்தான்" என்பான்.

பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்த ஒரு பெரிய மனிதர், விளையாடுகிற பிள்ளைகள் போதைப் பக்கம் போக மாட்டார்கள் என்று முழங்கினார். மருது எழுந்து நின்றான். "ஐயா, தோத்தா வீட்டுக்குப் போயிருவோம். ஜெயிச்ச அன்னைக்குத்தான் ஊத்திக் குடுக்குறாக."

சும்மா சொல்லவில்லை. இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு கோப்பை ஜெயித்தபோது கவனிப்பு பலமாக இருந்தது. மறுநாள் பக்கத்து ஊர் ஆட்டத்தில் முத்தரசு பாடிப் போன இடத்தில் பாதியிலேயே மூச்சறுந்து நின்றான். முத்தரசு மருதுக்கு அத்தை மகன், அணியிலேயே முரட்டு ஆள். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஊதல்.

போன மாதம் காளையார்கோவில் பக்கம் திருவிழா ஆட்டம். விடிந்து வெயில் ஏறும்போதுதான் கடைசி ஆட்டம் முடிந்தது. ஜெயித்தார்கள். அடுத்த நாள் சிவகங்கையில் மாவட்டப் போட்டி. வேன், பனியன், நுழைவுக் கட்டணம் எல்லாமே அழகுசுந்தரம் பொறுப்பு; காரைக்குடியில் கடை வைத்திருக்கிறவர். சந்தோஷத்தில் மனிதருக்குக் கால் தரையில் இல்லை. வேனிலிருந்து நீல ஐஸ்பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். உள்ளே பீர்.

"எடுங்கடா, சிங்கக்குட்டிகளா."

மருது முன்னால் வந்தான். "அண்ணே, நாளைக்கு ஆட்டம் இருக்கு. கறிச்சோறு போடுங்கண்ணே, போதும்."

"ஒரு பாட்டில்ல என்னடா ஆயிரும்? ஆம்பளப் பசங்கதானே நீங்க?"

"அதைத்தான் ராத்திரி பூரா ஆட்டத்துல பாத்துக்கிட்டு இருந்தீகளே."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அழகுசுந்தரத்துக்கு முகம் சுருங்கியது. "என் வண்டியில வந்துட்டு எனக்கே சட்டம் பேசுறியா? நாளைக்கு எதுல போறீங்கன்னு பாக்குறேன்."

சிரிப்பு அடங்கியது. அவர் கைவிட்டால் சிவகங்கை கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். மருதுக்கும் தெரியும். அதற்குள் முத்தரசு குத்த வைத்து உட்கார்ந்து பெட்டி மூடியைத் தூக்கியிருந்தான். ஐஸுக்குள் கையும் போய்விட்டது.

"கையை எடு மாப்ள" என்றான் மருது.

குரல் உயரவில்லை. முத்தரசு கையை எடுத்தான். மருது மூடியை அமுக்கிச் சாத்தி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒரு காலைத் தூக்கி மடியில் போட்டு, உள்ளங்காலில் தைத்திருந்த முள்ளைத் தேட ஆரம்பித்தான்.

"எந்திரிடா" என்றார் அழகுசுந்தரம்.

"கால் வலிக்குதுண்ணே."

"வண்டி வராது. சொல்லிட்டேன்."

"சரிண்ணே. எப்படியாச்சும் போயிக்கிறோம்." தலை நிமிரவில்லை.

பந்தலில் மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முத்தரசு அழகுசுந்தரத்தைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். ஈரக் கையை டவுசரில் துடைத்தான்.

"தள்ளி உக்காருடா" என்று மருதை இடுப்பால் இடித்துக்கொண்டு, மூடியின் மிச்ச இடத்தில் அவனும் உட்கார்ந்தான்.