கவிழ்த்த மங்கு

ஐயாவு ஆறு வருடங்களாக ஒரே வார்த்தையைச் சொல்லிச் சம்பளம் வாங்கினார். ‘தொடாதீங்க.’ மலாய்க்காரர்கள் வந்தால் அதையே மலாயில் சொல்வார். சீனப் பிள்ளைகளுக்கு விரலை ஆட்டினால் போதும்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பத்து காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தோட்டம் கைமாறியது; மரங்கள் விழுந்தன. 1977இல் மனைவி ராக்காயியுடன் ஈப்போவுக்கு வந்து அருங்காட்சியகத்தில் காவலரானார். தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் தாள் 1983 மார்ச்சில்தான் மேலதிகாரியின் மேசைக்குப் போனது. கையெழுத்து விழவில்லை.

அந்த வாரம் அங்கே ஓவியர்களுக்கு மூன்று நாள் பட்டறை. எட்டுப் பேர். நடத்தியவர் கல்லூரி ஆசிரியை ஆலிஸ். பொருளைக் கையில் எடுத்துப் பழகிய பிறகே வரைய வேண்டும் என்பது அவர் முறை. பன்னிரண்டு பொருள்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டு, ஐயாவு அலமாரியைத் திறந்தார். முதல் ஆள் கை நீட்டியதும் “தொடாதீ…” என்று வாய் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆலிஸ் அவரையே அழைத்தார்.

“அண்ணே, இந்தப் பால் வெட்டுற உளிய எப்படிப் பிடிப்பீங்க? செஞ்சு காட்டுங்க. உங்க கைய வரையட்டும்.”

“என் கையா? பாக்க ஒண்ணும் நல்லா இருக்காது டீச்சர்.”

“நல்லா இருக்கணும்னு யாரு கேட்டா?”

எட்டுப் பேரில் ஒருவன், சிம்பாங் பூலாயில் கடைப் பலகை எழுதும் சீனி, முற்றத்து மாமரத்தின் பின்பக்கம் கம்பி வளையம் கட்டிக் கொடுத்தான். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணத்தை, தோட்டத்தில் மங்கு என்பார்கள், ஐயாவு அதில் வைத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பச்சைக் கண்ணாடி மங்கு; அங்கே இருந்தது அது ஒன்றுதான். பட்டையில் உளி படாமல் வெட்டிக் காட்டினார். இல்லாத பாலை வாளியில் ஊற்றிக் காட்டினார். பென்சில்கள் ஓடின.

நாலு மணிக்கு மேகம் கட்டியது. தாள் நனையுமென்று எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஐயாவு உளியும் வாளியுமாக ஓடினார். சீனி கடைசியாக வந்தான்.

ஐந்து மணிக்குப் படங்களைச் சுவரில் குத்திவிட்டு எட்டுப் பேரும் போனார்கள். ஐயாவு எண்ணினார். பதினொன்று. வாளிக்குள் மங்கு இல்லை.

“கிராணி, மங்கக் காணோம்.” குமாஸ்தா ஸ்டானிஸ்லாஸைத் தோட்டத்துப் பழக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்.

“அலமாரிக்கு அடியில பாத்தீங்களா?”

“ரெண்டு தடவ.”

“அப்ப அந்தச் சீனிதான். எவ்ளோ பெரிய பை, பாத்தீங்கள்ல? கடைசியா வந்தவனும் அவன்தான். இப்ப பஸ் ஸ்டாண்டுல நிப்பான். போலீசுக்குப் போன் போடட்டா?”

போடு என்றால் மேசையில் கிடக்கும் அவருடைய தாள் பிழைக்கும். சீனியின் பை திறக்கப்பட்டு, பஸ் ஸ்டாண்டே பார்த்து நிற்கும்.

“கொஞ்சம் பொறு.”

மழை இறங்கியது. ஜன்னல் வழியே சாரல். ஸ்டானிஸ்லாஸ் படங்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இதப் பாருங்கண்ணே. மங்கத் தலகீழா வரைஞ்சிருக்கான். வரையத் தெரியாது, திருடத் தெரியும்லா.”

ஐயாவு பார்த்தார். மற்ற ஏழு படங்களிலும் கை இருந்தது. சீனியின் படத்தில் கை இல்லை. மரம், கம்பி, கம்பியில் கவிழ்ந்த மங்கு.

பாலை ஊற்றியதும் மங்கைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் நிறைந்துவிடும். அதை இருபத்திரண்டு வருடம், ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை செய்த கை அவருடையது. சீனி கண்டதைத்தான் வரைந்திருந்தான்.

குடை எடுக்காமல் ஓடினார். மாமரத்தின் பின்னால், பச்சையாக, மழை வழிய, அது இருந்தது.

“இருக்கு கிராணி! இருக்கு!”

“யாரு வச்சா?”

“நான்தான்லா! நானேதான்!”

“போங்கண்ணே, என் உசுரே போயிருச்சு.”

“போன் போட்டியா?”

“எடுத்தேன். நம்பர் சுத்தல.”

ஐயாவு மங்கை நிமிர்த்தினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நனைந்தபடி நின்று சிரித்தார்.

ஏப்ரலில் கையெழுத்து வந்தது. சீனியிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வீட்டில் மாட்டினார். ராக்காயி வெகுநேரம் பார்த்தாள்.

“ஒங்க கையத்தான் வரைஞ்சாங்கன்னீங்க. எங்க கை?”

“வேல முடிஞ்சு வீட்டுக்குப் போயிருச்சு” என்றார்.